நகையும் அழுகையும்: நாகேஷின் திரைக்கலை

நுழையும்முன்

சிரிக்க வைப்பது எளிய செயலென்று கருதுவோர் பலர். பிறர் துன்பத்தைக் கண்டு கண்ணீர் சிந்துவோர் எல்லாக் காலத்தும் உண்டு. ஆனால், அரங்கு நிறைந்த மக்களை ஒரே நொடியில் நகைக்கச் செய்வது அரிய கலை. அக்கலையில் வல்லவர்களைத் தமிழ்த் திரையுலகம் தொடர்ந்து பெற்று வந்துள்ளது. அவர்களுள் ஒருவரான நாகேஷ், நகைச்சுவை நடிகராகவும் துணை நடிகராகவும் ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் திரையில் விளங்கியவர். அவர் ஏற்ற வேடங்கள் சிலவற்றைத் தொல்காப்பிய மெய்ப்பாட்டியலின் துணைகொண்டு ஆராய்கிறது இப்பாடப்பகுதி.

மெய்ப்பாடும் நடிப்பும்

உள்ளத்து உணர்ச்சி உடலின்வழி வெளிப்படுவதே மெய்ப்பாடு. கண்ணாலும் செவியாலும் உணரத்தக்க இம்மெய்ப்பாடுகளைத் தொல்காப்பியர் எட்டாக வகுத்துரைக்கிறார். நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என்பன அவை. இவ்வரிசையில் முதலிடம் பெறுவது நகை. அதனை அடுத்தே அழுகை வைக்கப்பட்டுள்ளது. ஒன்றற்கொன்று முரணான இரண்டும் அருகருகே அமைந்திருப்பது சிந்தனைக்குரியது.

ஒவ்வொரு மெய்ப்பாடும் நான்கு நிலைக்களன்களில் தோன்றும் என்பது தொல்காப்பியர் கருத்து. நகை தோன்றும் இடங்களாக இளமை, மடன், பேதைமை, எள்ளல் ஆகியவற்றை அவர் காட்டுகிறார். குழந்தைத் தன்மையைக் குறிப்பது இளமை. கேட்டதை ஆராயாமல் மெய்யென நம்பிவிடுதல் மடன். அறியாமையைச் சுட்டுவது பேதைமை. பிறரை இகழ்தலும் பிறரால் இகழப்படுதலும் எள்ளலின்பாற்படும்.

இவ்வாறே அழுகை தோன்றும் இடங்களாக வறுமை, இழவு, இளிவு, அசைவு ஆகிய நான்கையும் அவர் குறிப்பிடுகிறார். பொருளின்மை வறுமை, உற்றாரையோ உரியவற்றையோ இழத்தல் இழவு, பிறரால் இகழப்பட்டு எளியராதல் இளிவு, முன்னைய நிலையிலிருந்து தளர்தல் அசைவு.

நாகேஷின் சிறந்த வேடங்களை இவ்விரு பட்டியல்களோடும் பொருத்திப் பார்த்தால் ஓர் உண்மை புலனாகும். அவர் ஏற்ற மாந்தர்களைக் கண்டு நாம் நகைக்கும் காரணம் முதற்பட்டியலில் இருக்கும். அம்மாந்தர்களை நாம் மறவாதிருக்கும் காரணம் இரண்டாம் பட்டியலில் இருக்கும். நகையின் அடியில் அழுகையை வைத்து நடித்ததே அவரது கலையின் தனித்தன்மை எனலாம்.

தடம் மாறிய நகைச்சுவை

நாகேஷின் இடத்தை அறிய, அவருக்கு முன்னிருந்த நிலையை அறிதல் வேண்டும். தமிழ்த் திரைப்படத்தின் தொடக்கக் காலத்தில் நகைச்சுவை பெரும்பாலும் ஒரு தனித்தடமாகவே அமைந்தது. முதன்மைக் கதை ஒருபுறம் செல்ல, நகைச்சுவைக் காட்சிகள் மறுபுறம் இடையிடையே வந்துபோகும். கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணன் பல படங்களில் நகைச்சுவைப் பகுதியைத் தாமே அமைத்து, டி.ஏ.மதுரத்தோடும் தம் குழுவினரோடும் நடித்தார். சிரிப்போடு சிந்தனையையும் வழங்கிய பெருமை அவருக்கு உண்டு. ஆயினும், அப்பகுதிகள் பலவற்றைக் கதையிலிருந்து பிரித்துத் தனியே காண இயலும்.

அவருக்குப்பின் வந்தோரும் தத்தம் வழியில் சிறந்தனர். சொல்லாடலில் வல்லவர் கே.ஏ.தங்கவேலு. ஆடலிலும் பாடலிலும் தேர்ந்தவர் ஜே.பி.சந்திரபாபு. 1959ஆம் ஆண்டில் ஸ்ரீதர் இயக்கத்தில் வெளிவந்த ‘கல்யாணப் பரிசு’ படத்தில், எழுத்தாளன் என்று பொய்யுரைத்துத் திரியும் பைரவனாகத் தங்கவேலு தோன்றும் காட்சிகள் இன்றும் பேசப்படுகின்றன. அவையும் காதலும் துயரமும் நிறைந்த கதையின் ஓரத்தில் தனித்து நிற்பவையே.

1960களில் இந்நிலை மாறத் தொடங்கியது. நகைச்சுவை மாந்தர் கதைக்குள் வந்தார். கதையின் முடிச்சுகளில் பங்கேற்றார். சில படங்களில் கதையின் தலைவராகவே ஆனார். இம்மாற்றத்தை இயக்குநர்களும் கதாசிரியர்களும் உருவாக்கினர். அதனைத் தம் உடலிலும் குரலிலும் தாங்கி நின்ற நடிகர்களுள் முதன்மையானவர் நாகேஷ்.

தாராபுரத்திலிருந்து சென்னைக்கு

இன்றைய திருப்பூர் மாவட்டத்திலுள்ள தாராபுரம் பகுதியில் 1933ஆம் ஆண்டு செப்டம்பர் 27ஆம் நாள் நாகேஷ் பிறந்தார். கன்னடத்தைத் தாய்மொழியாகக் கொண்ட குடும்பம் அவருடையது. நாகேஸ்வரன் என்னும் பெயரே பின்னாளில் நாகேஷ் எனச் சுருங்கியது. இளமையில் கண்ட அம்மைநோய் அவரது முகத்தில் நீங்காத தழும்புகளை விட்டுச்சென்றது. எழுச்சிமிக்க தோற்றமும் வழவழப்பான முகமும் நடிகருக்கு இன்றியமையாதவை எனக் கருதப்பட்ட காலம் அது. மெலிந்த உடலும் தழும்பேறிய முகமும் உடைய இளைஞர் ஒருவர் நடிகராக விரும்புவதே பலருக்கு நகைப்பாகத் தோன்றியிருக்கக் கூடும்.

சென்னைக்கு வந்த நாகேஷ் இரயில்வே துறையில் எழுத்தராகப் பணியாற்றினார். பணிநேரம் போக எஞ்சிய நேரத்தில் நாடகங்களில் நடித்தார். நாடகமொன்றில் வயிற்றுவலியால் துடிக்கும் நோயாளியாகச் சில மணித்துளிகளே தோன்றும் வேடம் அவருக்குக் கிடைத்தது. பேசுவதற்கு உரிய சொற்களும் மிகச் சிலவே. ஆயினும், வலியால் துடிக்கும் உடலின் ஒவ்வோர் அசைவையும் சிரிப்பாக மாற்றி அரங்கையே தம்பால் ஈர்த்தார். அந்நிகழ்ச்சிக்குத் தலைமையேற்றிருந்த எம்.ஜி.ஆர். அவரது நடிப்பைப் பாராட்டிப் பரிசளித்தார். ஒரு வேடத்தின் அளவை அதன் நீளம் வரையறுப்பதில்லை என்பதை நாகேஷ் தம் தொடக்க நாள்களிலேயே மெய்ப்பித்தார். நோயாளியின் வலி என்னும் துன்பமே அங்குச் சிரிப்பின் வித்தாக அமைந்தது என்பதும் குறிப்பிடத்தக்கது.

1950களின் இறுதியில் திரைப்படங்களில் சிறுசிறு வேடங்கள் வரத் தொடங்கின. 1962இல் வெளிவந்த ஸ்ரீதரின் ‘நெஞ்சில் ஓர் ஆலயம்’ அவரைப் பரவலாக அறிமுகப்படுத்தியது. மருத்துவமனையைக் களமாகக் கொண்ட, கனத்த துயரம் நிறைந்த கதை அது. அச்சூழலின் இறுக்கத்தைக் குலைக்காமல், காண்போரைச் சற்றே இளைப்பாறச் செய்தார் நாகேஷ்.

சென்னைக் கணக்காயர் அலுவலகத்தில் பணியாற்றிக்கொண்டே நாடகங்களை எழுதி இயக்கியவர் கே.பாலசந்தர். அவரும் நாகேஷும் நாடக மேடையில் இணைந்து செயல்பட்டனர். இவ்விணைப்பு இருவரின் கலை வாழ்விலும் திருப்புமுனையாயிற்று.

இளமை: செல்லப்பா

1964ஆம் ஆண்டில் ஸ்ரீதர் இயக்கிய ‘காதலிக்க நேரமில்லை’ வெளிவந்தது. இப்படம் முழுவதுமே நகைச்சுவையால் நெய்யப்பட்டது. செல்வந்தர் விசுவநாதனாக டி.எஸ்.பாலையாவும் அவருடைய மகன் செல்லப்பாவாக நாகேஷும் நடித்தனர். கதைத்தலைவியர் இருவரும் செல்லப்பாவின் உடன்பிறந்தோர். ஆகவே, செல்லப்பாவைக் கதையிலிருந்து பிரித்தெடுக்க இயலாது.

செல்லப்பாவுக்குத் திரைப்படம் எடுக்க ஆசை. ‘ஓஹோ புரொடக்‌ஷன்ஸ்’ என்னும் நிறுவனத்தையும் தொடங்கிவிட்டான். கையில் பணமில்லை, முதல்போடத் தந்தை இசைய வேண்டும். விளையாட்டுப் பொருளுக்கு அடம்பிடிக்கும் சிறுவனின் மனநிலை அது. தொல்காப்பியர் சுட்டும் ‘இளமை’ என்னும் நிலைக்களனுக்கு இவ்வேடம் சிறந்த எடுத்துக்காட்டு.

தந்தையிடம் திகில்கதை ஒன்றைச் செல்லப்பா விவரிக்கும் காட்சி இப்படத்தின் முடிமணி. நாற்காலியில் அமர்ந்து கேட்கும் தந்தையைச் சுற்றிச்சுற்றி வருகிறான் செல்லப்பா. கதையில் வரும் ஓசைகளைத் தன் வாயாலேயே எழுப்புகிறான். குரலைத் தாழ்த்துகிறான், திடீரென உயர்த்துகிறான். திரையில் பேயும் இல்லை, இருளும் இல்லை. கேட்பவர் முகத்தில் படரும் அச்சம் ஒன்றே உள்ளது. நாகேஷின் குரலும் பாலையாவின் முகமும் இணைந்தே அக்காட்சி நிறைவுபெறுகிறது. ஒருவர் கொடுக்க, மற்றவர் வாங்கி வளர்க்க, நகைச்சுவை இருவருக்கும் பொதுவாகிறது. தம்மோடு நடிப்பவர் ஒளிர இடங்கொடுப்பதே துணை நடிப்பின் முதல் இலக்கணம் என்பதை இக்காட்சி உணர்த்துகிறது.

மடனும் வறுமையும்: தருமி

1965இல் ஏ.பி.நாகராசன் இயக்கத்தில் வெளிவந்த ‘திருவிளையாடல்’ படத்தில் தருமி என்னும் ஏழைப் புலவராக நாகேஷ் நடித்தார். சிவபெருமானாகத் தோன்றியவர் சிவாஜி கணேசன். பெண்களின் கூந்தலுக்கு இயற்கையிலேயே மணம் உண்டா என்னும் பாண்டிய மன்னனின் ஐயத்தைத் தீர்க்கும் பாடலுக்கு ஆயிரம் பொன் பரிசு என அறிவிக்கப்படுகிறது. தருமிக்குப் பாடல் இயற்றும் ஆற்றல் போதவில்லை, வறுமையோ வாட்டுகிறது. கோயிலில் தனியே நின்று இறைவனிடம் முறையிடுகிறான்.

அவ்வேளையில் புலவர் வடிவில் தோன்றும் இறைவன், பாடலைத் தாம் தருவதாகக் கூறுகிறார். முன்பின் அறியாத ஒருவர் கொடுத்த பாடலைத் தன்னுடையது எனக்கூறி அவைக்கு எடுத்துச்செல்லத் துணிகிறான் தருமி. ஆராயாது நம்பும் ‘மடன்’ இங்கு நகையின் களமாகிறது. எதிரில் நிற்பவர் இறைவன் என்பதை அறியாமல் அவரையே சோதிக்க முற்படும் காட்சியில் வினாக்களும் விடைகளும் மின்னல் வேகத்தில் பாய்கின்றன. பேருருவாக நிமிர்ந்து நிற்கும் சிவாஜி கணேசனின் கம்பீரத்துக்கு முன், கூனிக் குறுகி, கைகளைப் பிசைந்து, பாதி நம்பியும் பாதி ஐயுற்றும் நிற்கும் நாகேஷின் உடல்மொழி அக்காட்சியைச் சமன் செய்கிறது.

அரசவையில் நக்கீரர் பாடலில் குற்றம் காண்கிறார். அப்போது தருமி, பாட்டின் பிழைக்கேற்பப் பரிசுத் தொகையைக் குறைத்துக்கொண்டு எஞ்சியதையேனும் தருமாறு வேண்டுகிறான். அரங்கம் சிரிக்கிறது. அச்சிரிப்பு அடங்கியபின் எண்ணிப் பார்த்தால் அதன் உட்பொருள் நெஞ்சைச் சுடுகிறது. சொற்குற்றமும் பொருட்குற்றமும் நக்கீரருக்குப் புலமைச் சிக்கல்கள். பசித்தவனுக்கு அவை பரிசிலிருந்து கழிக்கத்தக்க சிறு தொகைகள். வறுமை மனிதனை எவ்வளவு தூரம் பணிய வைக்கும் என்பதை நீண்ட உரையாடல் எதுவுமின்றி இவ்வொரு வேண்டுகோள் உணர்த்திவிடுகிறது. அவையில் தோற்றுக் கோயிலுக்குத் திரும்பித் தனக்குத்தானே புலம்பும் தருமியிடம் நகையையும் அழுகையையும் பிரித்தறிய முடிவதில்லை. படத்தின் மொத்த நீளத்தில் சிறுபகுதியே வரும் தருமி, படத்தின் முதன்மை மாந்தர்களுக்கு இணையாக மக்கள் நினைவில் நிலைபெற்றமைக்கு இதுவே காரணம்.

தெரியுமா?

தருமிக்கு இறைவன் அருளியதாகத் திருவிளையாடற்புராணம் கூறும் பாடல், சங்க இலக்கியமான குறுந்தொகையில் இரண்டாம் பாடலாக இடம்பெற்றுள்ளது. அதனை இயற்றியவர் பெயர் இறையனார் எனக் குறிக்கப்பட்டுள்ளது. ‘திருவிளையாடல்’ படத்தில் நக்கீரராக நடித்தவர் அப்படத்தின் இயக்குநர் ஏ.பி.நாகராசனே ஆவார்.

பேதைமையும் இழவும்: சுந்தரம்

கே.பாலசந்தர் மேடைக்கென எழுதிய ‘சர்வர் சுந்தரம்’, கிருஷ்ணன்–பஞ்சு இயக்கத்தில் ஏவி.எம். நிறுவனத்தின் படமாக 1964இல் வெளிவந்தது. நகைச்சுவை நடிகர் ஒருவர் கதைத்தலைவராக நின்று ஒரு படம் முழுவதையும் தாங்கமுடியும் என்பதை இப்படம் காட்டியது.

சுந்தரம் உணவகம் ஒன்றில் பரிமாறும் பணியாளன். காப்பிக் கோப்பைகளை ஒன்றன்மேல் ஒன்றாகக் கோபுரம்போல் அடுக்கித் தள்ளாடாமல் ஏந்திவரும் காட்சி, நாகேஷின் உடற்பயிற்சிக்கும் மனக்குவிப்புக்கும் சான்று. செல்வர் வீட்டுப் பெண்ணொருத்தி தன்பால் காட்டும் பரிவைக் காதலெனப் பிழைபடப் புரிந்துகொள்கிறான் சுந்தரம். தொல்காப்பியர் கூறும் ‘பேதைமை’ இதுவே. நண்பனின் உதவியால் திரைப்பட நடிகனாகிப் பெரும்புகழும் பெறுகிறான். அப்பெண்ணின் உள்ளத்தில் இருப்பவன் தன் நண்பனே என்பதைப் பின்னரே அறிகிறான். அன்னையின் இறுதி வேளையிலும் அவனால் அருகிருக்க இயலவில்லை. காதலையும் தாயையும் இழந்தபின் புகழ் அவனுக்குப் பொருளற்றதாகிறது. மீண்டும் உணவகப் பணியாளனின் உடையையே அணிந்துகொள்கிறான்.

படத்தின் தொடக்கத்தில் அவ்வுடை நம்மை நகைக்கச் செய்தது. முடிவில் அதே உடை நம்மைக் கலங்கச் செய்கிறது. உடையில் மாற்றமில்லை. இடையில் நிகழ்ந்த இழவே அதன் பொருளை மாற்றிவிட்டது. பிறரைச் சிரிக்க வைப்பதைத் தொழிலாகக் கொண்டவனுக்குத் தன் துயரைக் காட்டும் உரிமைகூட இல்லை என்னும் கருத்தையும் இக்கதை உணர்த்துகிறது. ஒரு நகைச்சுவை நடிகரின் வாழ்வை ஒரு நகைச்சுவை நடிகரே நடித்ததால் அக்கருத்து கூடுதல் வலிமை பெற்றது.

இளிவும் அசைவும்: மாதுவும் சேதுவும்

கே.பாலசந்தர் இயக்கிய முதல் திரைப்படமான ‘நீர்க்குமிழி’ 1965இல் வெளிவந்தது. மருத்துவமனையில் புற்றுநோயாளியாக இருக்கும் சேதுவாக நாகேஷ் நடித்தார். உடல் நாளுக்குநாள் தளர்ந்துகொண்டிருக்க, அவனோ சுற்றியிருப்போரைச் சிரிக்க வைத்துக்கொண்டே இருக்கிறான். வாழ்வின் நிலையாமையை நீர்க்குமிழிக்கு ஒப்பிடுவது தமிழ் மரபில் நெடுங்காலமாக வழங்கிவரும் உவமை. அவ்வுவமையே படத்தின் பெயராகவும் அமைந்தது. ‘அசைவு’ என்னும் தளர்ச்சியைக் களமாகக் கொண்டு நகையை வளர்த்த வேடம் இது.

1968இல் வெளிவந்த ‘எதிர்நீச்சல்’ படத்தின் கதைத்தலைவன் மாது, பெற்றோரை இழந்தவன். பல குடித்தனங்கள் வாழும் வீடொன்றின் மாடிப்படிக்குக் கீழே அவன் தங்கியிருக்கிறான். அதனால் அவன் பெயர் ‘மாடிப்படி மாது’. எல்லார்க்கும் ஏவல்செய்து, அவர்கள் தரும் எஞ்சிய உணவை உண்டு, கல்வியைத் தொடர்கிறான். நாளும் அவனை எதிர்கொள்வது ‘இளிவு’. அதனை அவன் நகையால் எதிர்கொள்கிறான். நீரோட்டத்தை எதிர்த்து நீந்துவது போன்றதே அவன் வாழ்க்கை என்பதைப் படத்தின் பெயரே விளக்கிவிடுகிறது. ஏழை மாணவன் ஒருவன் தன்மானத்தை இழக்காமல் கல்வியைப் பற்றிக்கொண்டு உயர முயலும் கதையாதலால், மாணவர்கள் இப்படத்தைத் தம் வாழ்வோடும் ஒப்பிட்டுக் காணலாம்.

எள்ளல்: வைத்தி

கொத்தமங்கலம் சுப்பு ‘ஆனந்த விகடன்’ இதழில் தொடராக எழுதிய ‘தில்லானா மோகனாம்பாள்’ புதினத்தை, அதே பெயரில் ஏ.பி.நாகராசன் 1968இல் திரைப்படமாக்கினார். இதில் ‘சவடால்’ வைத்தியாக நாகேஷ் நடித்தார். செல்வர்களுக்கு முகமன் கூறியே பிழைப்பவன் வைத்தி. ஆடற்கலையில் சிறந்த மோகனாவைப் பெருஞ்செல்வர்களின் ஆசைக்கு இணங்கச் செய்ய முயன்று, அதனால் ஆதாயம் தேடுபவன். மேலோர்முன் வளைந்து நெளிவான். எளியோர்முன் நிமிர்ந்து நிற்பான். பிறரை எள்ளுவான், அவர்களால் எள்ளவும்படுவான்.

முன்னர்க் கண்ட வேடங்களிலிருந்து வைத்தி வேறுபட்டவன். தருமியிடமும் சுந்தரத்திடமும் நமக்கு இரக்கம் பிறந்தது. வைத்தியிடம் பிறப்பது அருவருப்பு. தொல்காப்பியர் மூன்றாவதாகக் கூறும் ‘இளிவரல்’ என்னும் மெய்ப்பாட்டை நகையோடு கலந்து தருகிறார் நாகேஷ். அவனுடைய பேச்சைக் கேட்டுச் சிரிக்கும் நாமே, அவன் செயலை எண்ணி வெறுக்கிறோம். தீமை எப்போதும் கொடிய முகத்தோடு வருவதில்லை; சிலவேளைகளில் இன்சொல்லோடும் நகைமுகத்தோடும் வரும் என்பதை வைத்தி நமக்கு அறிவுறுத்துகிறான்.

‘காதலிக்க நேரமில்லை’ முதல் ‘தில்லானா மோகனாம்பாள்’ வரை மேற்கூறிய ஆறு படங்களும் 1964ஆம் ஆண்டுக்கும் 1968ஆம் ஆண்டுக்கும் இடைப்பட்ட ஐந்தாண்டுகளில் வெளிவந்தவை. இக்காலத்திலேயே எம்.ஜி.ஆர். நடித்த ‘எங்க வீட்டுப் பிள்ளை’, ‘அன்பே வா’ முதலிய படங்களிலும் நாகேஷ் இடம்பெற்றார். குறுகிய காலத்தில் இத்துணை வேறுபட்ட மாந்தர்களை ஒருவரே படைத்தளித்தது வியப்புக்குரியது.

துணை என்பது தூண்

அவர் நடித்த நூற்றுக்கணக்கான படங்கள் அனைத்தும் ஒரே தரத்தன என்று கூறுதல் இயலாது. எழுத்தில் வலிவில்லாதபோது நாகேஷும் வெறும் அங்கசேட்டைகளைக் கொண்டு காட்சியை நிரப்ப வேண்டியிருந்தது. காலப்போக்கில் புதிய நகைச்சுவை நடிகர்கள் வந்தனர். முன்போல் முதன்மை வாய்ப்புகள் அவரை நாடி வரவில்லை. அந்நிலையில் அவர் தம் பழைய வேடங்களையே திரும்பச் செய்துகொண்டிருக்கவில்லை. நகையை முற்றிலும் களைந்த வேடங்களையும் ஏற்றார்.

1989இல் சிங்கீதம் சீனிவாசராவ் இயக்கிய ‘அபூர்வ சகோதரர்கள்’ படத்தில் தர்மராஜ் என்னும் கொடியவனாக நடித்து அச்சத்தை விளைவித்தார். அதே இயக்குநரின் ‘மகளிர் மட்டும்’ 1994இல் வெளிவந்தது. அதில் அவர் ஏற்றது பிணத்தின் வேடம். பேச்சில்லை, விழியசைவில்லை, முகக்குறிப்பும் இல்லை. பிறர் தூக்கவும் சாய்க்கவும் இடங்கொடுத்துக் கிடக்கும் உடல் ஒன்றைக்கொண்டே அரங்கைச் சிரிக்க வைத்தார். நடிகருக்குரிய கருவிகள் அனைத்தையும் துறந்தபின்னும் எஞ்சி நிற்கும் கலை எது என்பதற்கு இவ்வேடம் விடையாகிறது.

அதே ஆண்டில் கே.எஸ்.சேதுமாதவன் இயக்கத்தில் ‘நம்மவர்’ வெளிவந்தது. கல்லூரியைக் களமாகக் கொண்ட இப்படத்தில், மகளை இழக்கும் பேராசிரியராக நாகேஷ் நடித்தார். சிரிப்பின் சாயலே இல்லாத அழுகை அது. அவ்வேடத்திற்காகச் சிறந்த துணை நடிகருக்கான தேசியத் திரைப்பட விருது அவருக்கு வழங்கப்பெற்றது. நகைச்சுவையால் புகழ்பெற்றவருக்கு நாட்டின் உயரிய நடிப்பு விருதுகளுள் ஒன்று துயர வேடத்திற்காகக் கிடைத்தமை எண்ணத்தக்கது. நகைச்சுவையைக் கலையின் கீழ்ப்படியாகக் கருதும் வழக்கம் நம்மிடையே இன்றும் நீங்கவில்லை. அழச்செய்பவரைக் கலைஞர் என்கிறோம். சிரிக்கச் செய்பவரைப் பொழுதுபோக்குபவர் என்று கூறி அமைகிறோம். நாகேஷுக்குப் பத்ம விருது எதுவும் வழங்கப்பெறாமையும் இவ்வழக்கத்தோடு சேர்த்து எண்ணத்தக்கதே. தருமியைப் படைத்த கலைத்திறன், பேராசிரியரைப் படைத்த கலைத்திறனுக்கு எவ்வகையிலும் குறைந்ததன்று.

‘துணை நடிகர்’ என்னும் சொல்லையும் நாம் மீண்டும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். அச்சொல்லை இரண்டாம் நிலையில் உள்ளவர் என்னும் பொருளிலேயே பலரும் வழங்குகின்றனர். துணை என்னும் தமிழ்ச்சொல்லுக்கு உதவி, இணை, அளவு எனப் பல பொருள்கள் உண்டு. தருமி இல்லையேல் இறைவனின் திருவிளையாடலுக்குக் காரணமில்லை. வைத்தி இல்லையேல் மோகனாவின் உறுதிக்குச் சோதனையில்லை. மேற்கூரையைத் தாங்கும் தூணைப்போலக் கதையைத் தாங்குபவரே துணை நடிகர்.

நிறைவாக

2008இல் வெளிவந்த ‘தசாவதாரம்’ நாகேஷ் நடித்த இறுதிக்காலப் படங்களுள் ஒன்று. 2009ஆம் ஆண்டு சனவரி 31ஆம் நாள் சென்னையில் அவர் மறைந்தார்.

அழகின் இலக்கணத்திற்கு அடங்காத முகத்தோடு திரைக்கு வந்தவர் நாகேஷ். உணவகப் பணியாளன், ஏழைப் புலவன், மாடிப்படியின்கீழ் வாழ்ந்த மாணவன், நோயாளி என எளிய மாந்தர் பலருக்கு அம்முகமே முகமாயிற்று. அவர்களைப் பார்த்துச் சிரிக்கத் தொடங்கிய மக்கள், படம் முடிவதற்குள் அவர்களுக்காக இரங்கக் கற்றுக்கொண்டனர். நகையை அடுத்து அழுகையை வைத்த தொல்காப்பியரின் வரிசைமுறைக்குத் திரைக்கலை தந்த விளக்கவுரையாக நாகேஷின் நடிப்பு விளங்குகிறது. பிறரைக் கண்டு நகைக்கும்போது, அந்நகையின் அடியில் அவர்தம் துயர் மறைந்திருக்கிறதா என ஒருகணம் எண்ணிப் பார்க்கும் பண்பையே அவருடைய கலை நமக்கு விட்டுச்சென்றுள்ளது.

கற்பவை கற்றபின்

1. நீங்கள் கண்டு மகிழ்ந்த நகைச்சுவைக் காட்சி ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அதில் நகை தோன்றும் நிலைக்களன் எது எனக் காரணத்துடன் வகுப்பறையில் விளக்குக.

2. எவரையும் புண்படுத்தாத நகைச்சுவை, பிறர் குறையை இகழும் நகைச்சுவை ஆகிய இரண்டையும் ஒப்பிட்டுக் குழுவாகக் கலந்துரையாடுக.

3. ‘சிரிக்க வைப்பதே அரிய கலை’, ‘அழ வைப்பதே அரிய கலை’ என்னும் தலைப்புகளில் சொற்போர் நிகழ்த்துக.

மதிப்பீடு

பலவுள் தெரிக

1. தொல்காப்பியர் கூறும் மெய்ப்பாடுகளுள் நகையை அடுத்து இடம்பெறுவது
அ) உவகை ஆ) அழுகை இ) அச்சம் ஈ) வெகுளி

2. பொருத்தமான இணையைத் தேர்ந்தெடுக்க.
அ) செல்லப்பா – எதிர்நீச்சல் ஆ) சேது – நம்மவர் இ) வைத்தி – தில்லானா மோகனாம்பாள் ஈ) மாது – நீர்க்குமிழி

குறுவினா

1. நகை தோன்றும் நிலைக்களன்கள் யாவை?

2. தனித்தட நகைச்சுவை என்பது யாது?

சிறுவினா

1. ‘தருமியின் வேண்டுகோள் நகையோடு வறுமையையும் புலப்படுத்துகிறது’ – விளக்குக.

2. வைத்தியின் வேடம் இளிவரல் என்னும் மெய்ப்பாட்டைத் தோற்றுவிக்கும் முறையை எழுதுக.

நெடுவினா

நகையின் அடியில் அழுகையை வைத்து நடித்தவர் நாகேஷ் என்பதனை, பாடப்பகுதியிலுள்ள வேடங்கள் மூன்றைச் சான்றாகக் கொண்டு நிறுவுக.